திறப்பு ஆரிட்ட இருக்கு?

வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி ஒரு ஆச்சி எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் கதை சொன்னா. 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றிய கதை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்த சனம், தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. கொடிகாமத்தில் யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டிலில் இரண்டு கிழமை. அதற்குப் பிறகு நடந்தவற்றில் சிலதைச் சொன்னா, சிலதைச் சொல்ல வந்து நிப்பாட்டினா.

முடிந்து நாங்கள் எழும்பேக்க அவ கேட்டா: "பிள்ளையள், இவ்வளவையும் கொண்டுபோய் எங்க வைக்கப் போறியள்?"

"கிளவுட்ல வைக்கப் போறம் ஆச்சி."

"அது எங்க கிடக்கு?"

"இன்டர்நெட்டில. பூட்டி வைக்கலாம்."

"சரி. அப்ப திறப்பு ஆரிட்ட இருக்கும்?"

"எங்களிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அப்போது அது பொய் என்று எங்களுக்கே தெரியாது. அது பொய்யாக இருந்தது எப்படி, அதை உண்மையாக்க என்ன செய்யவேண்டி வந்தது என்பதைத்தான் எழுதுகிறோம். எங்களைப் போல வாய்மொழிக் கதைகள் சேர்க்கிற, கிராமத்து வாசிகசாலைப் பட்டியல் போடுகிற, பழைய சஞ்சிகைகளை ஸ்கான் பண்ணுகிற குழுக்கள் இப்போது நிறைய. எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்தே தீருவீர்கள்.

நாங்கள் கலைப்பீடத்துக்காரர் ஐந்து பேர். வரலாறு இரண்டு, சமூகவியல் இரண்டு, மொழியியல் ஒன்று. தரவுத்தளம் என்ற சொல்லை ஒரு பாடத்திலும் கேட்டிருக்கவில்லை. 41 பேருடைய கதைகளை ஃபோனில் பதிவு செய்து, எழுத்தாக்கி, விபரங்களை ஒரு கூகுள் ஷீட்டில் போட்டு வந்தோம். பெயர், வயது, ஊர், எந்தப் பாதையால் போனது, எங்கே தங்கினது, எப்போது திரும்பினது, குடும்பத்தில் யார் இல்லை.

ஷீட் மூன்று மாதம் தாங்கியது. முதலாவது சிக்கல், ஒருவர் ஒரு தடவை மட்டும் இடம்பெயர்ந்திருக்கவில்லை. தென்மராட்சி, பிறகு வன்னி, பிறகு செட்டிகுளம் முகாம், பிறகு சொந்த ஊர் அல்லது சொந்த ஊர் இல்லாத வேறொரு ஊர். ஒரு வரிசைக்குள் அந்த வாழ்க்கையை அடைக்க "தங்கிய இடம் 1", "தங்கிய இடம் 2" என்று பெட்டி கூட்டிக்கொண்டே போனோம், "தங்கிய இடம் 9" வரை. இரண்டாவது சிக்கல், ஊர்ப் பெயர்களை ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினோம். இவை பரவாயில்லை. மூன்றாவதுதான் எங்களை உலுக்கியது. ஒருநாள் எங்களில் ஒருவர் பெயர்களை அகர வரிசைப்படுத்தப் போய், பெயர் இருந்த நிரலை மட்டும் தெரிவு செய்து வரிசைப்படுத்திவிட்டார். மற்ற நிரல்கள் அப்படியே நின்றன. 41 பேரின் பெயர்களும் 41 வேறு பேரின் கதைகளுக்கு மேலே போய் இருந்தன. கண்டுபிடிக்க நான்கு நாள். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்பதால் தப்பினோம். ஆனால் அந்த நான்கு நாளும் ஷீட்டில் ஒரு தாயின் பெயருக்கு நேரே இன்னொரு தாயின் பிள்ளை காணாமற் போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் "டேட்டாபேஸ் ஒண்டு போடுவம்" என்ற கதை வந்தது. வந்த உடனேயே அடுத்த கதையும் வந்தது: "ஆரும் ஐரி படிக்கிற பெடியனைப் பிடிச்சுச் செய்விப்பம்."

இந்த இரண்டாவது வசனத்தோடுதான் எங்கட சண்டை. கலைப்பீடத்தில் இது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. கதை கேட்பதும் சிந்திப்பதும் எங்கட வேலை, பூட்டுப் போடுவது வேறு யாருடையதோ வேலை. எங்களுக்கு முன்னர் இருந்த ஒரு மாணவர் குழு இப்படித்தான் ஒரு நண்பரைப் பிடித்துச் செய்வித்தது. நல்ல மனுசன், காசும் வாங்கவில்லை. தன் சொந்த ஈமெயிலில் எக்கவுண்ட் திறந்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். படிப்பு முடிந்து வெளிநாடு போனார். ஃபோன் நம்பர் மாறியது, அந்த ஈமெயிலையும் விட்டுவிட்டார். அவர்கள் இரண்டு வருசம் ஓடித் திரிந்து சேர்த்தது எங்கேயோ ஒரு சேவரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. திறக்க ஆளில்லை. யாரையும் குறை சொல்ல இல்லை. ஆனால் ஒரு ஆவணகம் யாருடைய ஈமெயிலில் திறக்கப்பட்டதோ அவருடையதுதான், சுவரொட்டியில் என்ன பெயர் இருந்தாலும். ஆகவே நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். குழுவுக்கென்று ஒரு புது ஈமெயில், அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு, மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடம். தொழில்நுட்பம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, ஒரு பின்னேர வேலை.

தெரிவு செய்தது மொங்கோடிபி அட்லஸ். காரணம் பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. கார்ட் கேட்காமல் இலவசமாகத் தருகிறார்கள், எங்கள் ஐந்து பேரில் ஒருவரிடமும் கிரெடிட் கார்ட் கிடையாது. இன்னொரு காரணம், அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனி ஆவணம். ஒருவருக்கு இடப்பெயர்வு இரண்டு என்றால் பட்டியலில் இரண்டு, பதினொன்று என்றால் பதினொன்று. வெறும் பெட்டிகள் வேண்டாம். பெயரை மட்டும் இழுத்து வேறொருவரின் கதைக்கு மேலே வைக்கிற விபத்தும் அங்கே நடவாது. இலவச அடுக்கில் 512 மெகாபைட்தான். ஒலிப்பதிவுகளை வைக்க அது காணாது. எழுத்துக்கு எங்கள் வாழ்நாளுக்கும் காணும்.

கிளஸ்டர் உருவாக்கும்போது எந்தப் பிராந்தியம் என்று கேட்டது. பட்டியலில் கொழும்பு இல்லை. கிட்டவாக இருந்தது மும்பை. கொடிகாமத்து மாட்டுக் கொட்டிலின் கதை மும்பையில் ஒரு கட்டடத்துக்குள் போய் இருக்கப்போகிறது என்பது எங்களுக்கு விசித்திரமாகப் பட்டது. சிரித்துவிட்டு அழுத்தினோம்.

அடுத்து, தரவுத்தளப் பாவனையாளர். இங்கேதான் முதல் குழப்பம். அட்லஸ் தளத்துக்குள் நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் வேறு, தரவுத்தளத்துக்குள் நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் வேறு. வளவுக் கேற்றுக்கு ஒரு திறப்பு, வீட்டுக் கதவுக்கு ஒரு திறப்பு என்பது போல. இது தெரியாமல் முதல் நாள் முழுக்கக் கேற்றுத் திறப்பால் வீட்டைத் திறக்கப் பார்த்தோம். "அங்கீகாரம் தோல்வி" என்று வந்துகொண்டே இருந்தது.

பிறகு கனெக்‌ஷன் ஸ்ட்ரிங். தரவுத்தளத்தின் முகவரி, பாவனையாளர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் ஒன்றாகக் கோர்த்த நீளமான ஒற்றை வரி. அதைப் பிரதி எடுத்துக் கொம்பஸ் என்ற இலவச மென்பொருளில் ஒட்டினால் இணையும் என்றார்கள். இணையவில்லை. பாஸ்வேர்டை இட வேண்டிய இடத்தைக் காட்ட அந்த வரியில் கூர் அடைப்பு இருக்கும். நாங்கள் அடைப்பை அழிக்காமல் அதற்குள் பாஸ்வேர்டை எழுதியிருந்தோம். அழித்தோம். அப்போதும் இணையவில்லை. எங்கள் பாஸ்வேர்டில் @ இருந்தது. அந்த வரியில் பாஸ்வேர்ட் முடிந்து முகவரி தொடங்கும் இடத்தைக் காட்டுகிற குறியும் @தான். ஆகவே பாஸ்வேர்டின் பாதியிலிருந்து முகவரி தொடங்குவதாக அது எடுத்துக்கொண்டது. @ வருகிற இடத்தில் %40 என்று எழுத வேண்டும். மொழியியல் படிக்கிறவ மட்டும் இதைக் கண்டு மகிழ்ந்தா. புணர்ச்சி விதி மாதிரி இருக்காம்.

அதையும் திருத்தினோம். இப்போது பிழைச் செய்தியும் இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் இணைக்க முடியவில்லை என்று விட்டுவிட்டது. அட்லஸ் தன் கதவைத் தட்டுகிற எல்லோருக்கும் பதில் சொல்லாது. எந்த ஐபி முகவரிகளிலிருந்து வரலாம் என்று நாங்கள் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் இல்லாத இடத்திலிருந்து பாஸ்வேர்டைச் சரியாகச் சொன்னாலும் கதவு திறக்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் நாங்கள் ஐந்து பேரும் பாவிப்பது ஃபோன் டேட்டா. ஃபோனை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடும். காலையில் பட்டியலில் போட்ட முகவரி பின்னேரம் எங்களுடையது இல்லை. போதாக்குறைக்கு ஃபோன் இணையத்தில் ஒரே வெளி முகவரியை ஒரே நேரத்தில் நிறையப் பேர் பகிர்வதும் உண்டு. கம்பஸ் வைஃபையில் பார்த்தால் அங்கே 27017 என்ற போர்ட்டையே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

யூடியூப்பில் ஒரு வீடியோ போட்டோம். பார்த்த எல்லா வீடியோவிலும் இந்த இடத்தில் ஒரே வசனம்: இப்போதைக்கு "எங்கிருந்தும் அனுமதி" என்பதை அழுத்துங்கள், பிறகு மாற்றலாம். அழுத்தினால் பட்டியலில் 0.0.0.0/0 என்று ஒரு வரி வரும். அழுத்தினோம். கொம்பஸ் பச்சை காட்டியது. இரவு எட்டரை மணி. கன்ரீன் பூட்டியாச்சு, வெளியில் போய் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிக் கொண்டாடினோம்.

"பிறகு மாற்றலாம்" என்பது எங்கள் ஊரில் "வந்து தாறன்" என்று சொல்லிக் கடன் வாங்குவது போலத்தான். அந்த வரி மூன்று மாதம் அப்படியே கிடந்தது.

0.0.0.0/0 என்றால் உலகில் உள்ள அத்தனை ஐபிவி4 முகவரிகளும். 400 கோடிக்கு மேல். எந்த நாட்டில் எந்த அறையில் இருக்கிற எந்தக் கொம்பியூட்டரும் கதவுவரை வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கலாம். பூட்டு இன்னும் இருக்கிறது, அதற்கு பாஸ்வேர்ட் வேண்டும், உண்மை. ஆனால் அந்தப் பாஸ்வேர்டை நாங்கள் என்ன செய்து வைத்திருந்தோம்? முழு கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கையும், பாஸ்வேர்டோடு, வட்ஸ்அப் குறூப்பில் போட்டிருந்தோம். குறூப்பில் 23 பேர். கதை சேர்க்க ஒரு நாள் மட்டும் வந்தவர்கள், வாகனம் ஒழுங்கு செய்தவர், படம் எடுத்தவர், ஒரு முறை சாப்பாடு தந்த அக்கா. போதாததற்கு அந்தப் பாவனையாளருக்கு எல்லாவற்றையும் வாசிக்கவும் எழுதவும் அழிக்கவும் அதிகாரம் கொடுத்திருந்தோம். ஆளுக்கொரு திறப்பு என்றுகூட இல்லை, 23 பேருக்கும் ஒன்று. இருபத்து மூன்று பேரில் யாரும் கூடாதவர்கள் இல்லை. ஆனால் ஃபோன் தொலையும். ஃபோனைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குவார்கள். திருத்தக் கொடுத்த கடையில் இரண்டு நாள் கிடக்கும். சோதனைச் சாவடியில் ஃபோனைக் காட்டச் சொல்லிக் கேட்ட காலத்தை எங்கட அண்ணாமார் அக்காமாரிடம் கேளுங்கள்.

இது எங்களுக்கு விளங்கியது 2017 ஜனவரியில் நடந்ததைப் பற்றி வாசித்தபோது. பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மொங்கோடிபி தரவுத்தளங்களை யாரோ தேடித் தேடிப் போய், உள்ளே இருந்ததை அழித்து, பிட்கொயின் கேட்டு ஒரு கடிதத்தை மட்டும் விட்டுப் போனார்கள். அவை அட்லஸில் இருந்தவை இல்லை, ஆட்கள் தாங்களே அமைத்தவை. அவர்களும் "இப்போதைக்கு" என்றுதான் திறந்து வைத்திருப்பார்கள். 2020 ஜூலையில் வந்தது அதைவிட விசர். அழித்துவிட்டு "மியாவ்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள். காசும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. இந்த வேலையை மனிதர் இருந்து செய்வதில்லை. ஒரு நிரல் இரவும் பகலும் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போகும். உள்ளே இருப்பது கடையின் கணக்கா கொடிகாமத்துக் கதையா என்று அதற்குத் தெரியாது.

எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறோம். இலவச அடுக்கில் பதிவேடுகளை இறக்கி யார் வந்தார் போனார் என்று பார்க்க வழியில்லை. அழித்தால் தெரியும். வாசித்துவிட்டுப் போனால் எப்படித் தெரியும்?

கிளவுட் என்பதே பாதுகாப்பில்லை, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைப்போம் என்று எங்களில் ஒருவர் வாதாடினார். அதை நாங்கள் ஏற்கவில்லை. அட்லஸுக்குப் போகிற வழியில் தரவு மறையாக்கப்பட்டுத்தான் போகிறது, அங்கே இருக்கும்போதும் அப்படித்தான். எங்கட அலுமாரியைவிட அது நல்ல அலுமாரி. எல்லா ஓட்டையும் எங்கட பக்கம்: நாங்கள் அழுத்திய பொத்தான், நாங்கள் அனுப்பிய மெசேஜ்.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு நம்பிக்கை எங்கட ஆட்களிடம் இருக்கிறது. அதையும் கொஞ்சம் ஆட்டிப் பார்க்க வேண்டும். 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிந்தது. அந்த நினைவோடு வளர்ந்த சமூகம் நாங்கள். ஆகவே எண்ணிமப்படுத்தல் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது எழும்பிச் சொல்வார்கள்: "கிளவுட்ல போட்டால் இனி ஆரும் எரிக்க ஏலாது." கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் சரியில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்து போனது. வேறெங்கும் பிரதி வைக்காத வாடிக்கையாளர்களின் தரவு திரும்பி வரவே இல்லை. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரச தரவு மையத்தில் தீ. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் களஞ்சியம் ஒன்று பிரதி இல்லாமல் அழிந்தது. கொரியாவுக்கே அப்படி.

எரியத்தான் வேண்டும் என்றும் இல்லை. இங்கே 2023 இல் அரச கிளவுட்டில் இருந்த ஜிஓவி.எல்கே மின்னஞ்சல் கட்டமைப்பு கப்பம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின, அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட. அந்தக் காலத்துக்கான பிரதி இருக்கவில்லை. அதற்கு இரண்டு வருசம் முதல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகளும் அரச கிளவுட்டில் இருந்து அழிந்து போயிருந்தன.

நூலகம் எரிந்ததில் எல்லோரையும் வாட்டுவது வேறு எங்கும் பிரதி இல்லாத சுவடிகள்தான். ஒரே பிரதி. 41 பேரின் கதையை ஒரே கிளஸ்டரில் ஒரே பிரதியாக நாங்களும் வைத்திருந்தோம். அட்லஸின் இலவச அடுக்கு தானாகப் பிரதி எடுக்காது. அதை அவர்கள் ஒளிக்கவில்லை, எழுதித்தான் இருக்கிறது. நாங்கள் வாசிக்கவில்லை. இப்போது மொங்கோடம்ப் என்ற கருவியால் ஞாயிறு தோறும் ஒரு பிரதி எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறோம். ஒன்று இங்கே, மற்றது குழுவில் ஒருவரின் வவுனியா வீட்டில். பாஸ்வேர்ட் போட்ட டிஸ்க். முதல் நாள் பிடித்த நேரம் இரண்டு மணித்தியாலம், இப்போது பத்து நிமிசம்.

மற்றவற்றையும் திருத்தினோம். 0.0.0.0/0 ஐ அழித்தோம். அட்லஸில் தற்காலிக அனுமதி என்று ஒன்று உண்டு, 6 மணித்தியாலம், ஒரு நாள் அல்லது ஒரு கிழமை. வேலை செய்ய இருக்கும்போது அன்றைய ஐபிக்கு 6 மணித்தியாலம் கொடுக்கிறோம், நேரம் முடிய அது தானாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் உள்ளே போய் அனுமதி போடுவது அலுப்புத்தான். வீட்டை விட்டு வெளிக்கிடேக்க கதவைப் பூட்டுவதும் அலுப்புத்தான். பழைய பாவனையாளரை நீக்கி, தரவு ஏற்றுகிற இரண்டு பேருக்கு எழுதும் உரிமை, மற்ற மூவருக்கும் வாசிக்கும் உரிமை மட்டும், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். வட்ஸ்அப்பில் போட்ட மெசேஜை அழித்ததோடு விட்டிருப்போம். அழித்தது போதாது, ஒருமுறை வெளியே போன பாஸ்வேர்டை மாற்றத்தான் வேண்டும் என்று ஒரு அண்ணா சொல்லித் தந்தார். நிரல் எழுதுகிற ஆட்கள் கிட்ஹப்பில் பாஸ்வேர்டோடு கோப்பை ஏற்றிவிட்டுப் பிறகு அழிப்பார்களாம். அழித்தாலும் அதன் வரலாற்றில் பழைய வரி அப்படியே இருக்கும். வரலாறு படிக்கிற எங்களுக்கு இதைச் சொல்லித்தர வேறொருவர் வேண்டியிருந்தது.

இவ்வளவும் இலகு. கஷ்டமாக இருந்தது, இப்போதும் இருப்பது, எதை மேலே ஏற்றுவது என்பது.

பெயர்களைப் பிரிப்பது என்று முதலில் முடிவெடுத்தோம். தரவுத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் மட்டும். இலக்கத்துக்கு யார் என்ற பட்டியல் ஒரு கொப்பியில், பூட்டிய அலுமாரியில். கொப்பிக்காரரின் வாதத்தில் பாதி வென்றது. ஆனால் ஊரும் வயதும் எத்தனை பிள்ளைகள் என்பதும் இருந்தால் பெயர் எதற்கு? அந்த ஊரில் தையல் மெஷின் தலையோடு போன ஆச்சி ஒரு ஆள்தான். ஊரை நீக்கி "வலிகாமம்" என்று மட்டும் போடலாம் என்றால், பாதை பற்றிய எங்கள் ஆய்வே போய்விடும்.

சமூகவியல் படிக்கிற தோழி கேட்டா: "எங்கட சனத்தை எல்லாரும் எண்ணிக்கையாத்தான் பாத்தவை. இப்ப நாங்களும் ஆச்சியை இலக்கம் 17 ஆக்கிறமோ?" அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. "என்ர பேரோடயே போடுங்கோ, எனக்கு ஆருக்கும் பயமில்லை" என்று வற்புறுத்திய ஒரு ஐயாவும் இருந்தார். அவருக்குப் பயமில்லை. அவர் கதையில் வருகிற, இப்போது அரசாங்க வேலையில் இருக்கிற மருமகனுக்கு? அவரிடம் யாரும் கேட்கவில்லையே.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. இனம், அரசியற் கருத்து, மத நம்பிக்கை, உடல்நலம் பற்றிய விபரங்களை அது விசேட வகையாகப் பார்க்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், அழிக்கச் சொல்லிக் கேட்கவும் ஆளுக்கு உரிமை என்கிறது. எங்கள் சம்மதப் படிவத்தில் இருந்தது ஒரே வரி: "இப்பதிவை ஆய்வுக்குப் பயன்படுத்த உடன்படுகிறேன்." கையெழுத்து வைத்தவர்களில் பாதிப் பேர் அதை வாசிக்கவே இல்லை, எங்கள் முகத்தைப் பார்த்து வைத்தார்கள். அந்த வரி எங்களைத்தான் காப்பாற்றும், அவர்களை இல்லை.

ஆகவே திரும்பப் போகத் தொடங்கினோம். ஒவ்வொரு வீடாக, எழுத்தாக்கியதை வாசித்துக் காட்டி, எது மேலே போகலாம், எது கொப்பியோடு இருக்க வேண்டும், எது எங்குமே வேண்டாம் என்று கேட்கிறோம். ஒவ்வொருவரின் ஆவணத்திலும் "சம்மதம்" என்று ஒரு புதுப் பகுதி, திகதியோடு. இதை ஐரி படிக்கிற பெடியன் செய்து தந்திருக்க மாட்டான். அப்படி ஒரு பகுதி வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? விறாந்தையில் இருந்தது நாங்கள். எதைச் சொல்ல வந்து நிப்பாட்டினா என்று கண்டதும் நாங்கள். பொத்தானை அழுத்துகிற கையும் எங்களுடையதாக இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நிற்பது அதனால்தான். கலைப்பீடத்தில் ஆய்வு முறையியல் படிப்பிக்கும்போது நேர்காணல் எடுப்பதற்கு ஒரு முழுப் பருவம் ஒதுக்குகிறார்கள். எடுத்த நேர்காணலை எங்கே, எப்படி, யாரிடம் வைப்பது என்பதற்கு ஒரு கிழமையாவது ஒதுக்கலாம்.

இதுவரை 19 வீடு முடிந்தது. மூன்று வீட்டில் ஆள் இல்லை, காலமாகிவிட்டார்கள். அவர்களுடையதை என்ன செய்வது என்பது தெளிவில்லை. பிள்ளைகளிடம் கேட்கலாம், ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லாததைத்தான் சிலர் எங்களிடம் சொன்னார்கள்.

ஆச்சியிடமும் போன மாதம் போனோம். இப்போது திறப்பு ஐந்து பேரிடம் இருக்கிறது, அதில் இரண்டு பேர்தான் மாற்றலாம், கேற்றின் திறப்பு ஒரு தாளில் இருக்கிறது என்று விளங்கப்படுத்தினோம். முதல் வந்தபோது சொன்னது பிழை என்பதையும் சொன்னோம். கோபிக்கவில்லை. முழுதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. கொட்டில் கதை வந்த இடத்தில் சிரிச்சா. பிறகு ஒரு இடத்தில் கையைக் காட்டி நிப்பாட்டி, "உந்த நாலு வரி வேண்டாம் பிள்ளையள். அவன்ர மனுசி இன்னும் உயிரோட இருக்கிறா" எண்டா.

அன்று பின்னேரமே அழித்தோம், 6 மணித்தியால அனுமதி போட்டு. அழித்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைப் பிரதிகள் நினைவுக்கு வந்தன. அந்த நாலு வரியும் இரண்டு டிஸ்க்கிலும், எட்டுப் பிரதிகளில் இருந்தது. இங்கே இருக்கிற டிஸ்க்கில் இருந்ததை அன்றே நீக்கினோம். வவுனியா டிஸ்க்கை அவ லீவு முடிஞ்சு வரேக்க கொண்டு வரச் சொல்லியிருக்கிறம்.